ஐ.ஆர். எட்டின் லாப நஷ்டக் கணக்கு

ஒரு கடை லாபத்தில் ஓடுகிறதா, நஷ்டத்தில் ஓடுகிறதா என்று கண்டுபிடிப்பது பி.காம். முதல் வருஷப் பாடம். வரவு, செலவு, கையிருப்பு, தேய்மானம் எல்லாவற்றையும் எழுதி மார்ச் 31-ல் ஒரு கோடு போட்டால் விடை வந்துவிடும். ஆனால் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நெல் ரகம், இங்கே பாலாற்றங்கரை விவசாயிக்கு லாபமா நஷ்டமா என்று கேட்டால்? எந்த வருஷத்தில் கோடு போடுவது? யாருடைய பேரேட்டில் எழுதுவது? அங்கேதான் தகராறு ஆரம்பிக்கிறது.

வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் விவசாய ஆராய்ச்சிகளால் என்ன பொருளாதாரப் பலன் கிடைத்தது என்று அளப்பது தனியாக ஒரு துறையாகவே வளர்ந்துவிட்டது. அதில் அடிக்கடி அடிபடும் ஊர்ப்பெயர் எது தெரியுமா? வாஷிங்டனோ மணிலாவோ அல்ல, நம்ம வட ஆற்காடு! மாதனூர் இன்றைக்கு திருப்பத்தூர் மாவட்டம். 2019 வரை வேலூர் மாவட்டம். 1989-ல் பிரிக்கப்படுவதற்கு முன்னால் இருந்த பழைய, பெரிய வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இந்தக் கதை நடக்கிறது.

முதலில் நெல்லைப் பற்றிக் கொஞ்சம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1960-ல் ஃபோர்டு, ராக்ஃபெல்லர் என்ற இரண்டு அமெரிக்க அறக்கட்டளைகளின் பணத்தில் பிலிப்பைன்ஸில் தொடங்கப்பட்டது. 1966-ல் அது வெளியிட்ட குட்டை ரகம்தான் ஐ.ஆர். 8. இந்தோனேஷியாவின் பீட்டா என்ற உயரமான நெல்லையும் தைவானின் ஒரு குட்டை நெல்லையும் கலந்து உருவாக்கியது. பழைய நெட்டை ரகங்களுக்கு உரத்தை அள்ளிப் போட்டால் பயிர் சாய்ந்துவிடும். இது சாயாது. சுமார் 130 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். வட ஆற்காட்டில் ஒரு விவசாயி விளைச்சலைப் பார்த்த சந்தோஷத்தில் தன் பிள்ளைக்கே 'ஐ.ஆர். எட்டு' என்று பெயர் வைத்தார் என்பது அந்த நிலையத்தின் வரலாற்றில் இடம்பிடித்த செய்தி.

ஆனால் ருசி? அது வேறு கதை. சோறு ஆறினால் விறைத்துக்கொள்ளும், ஆலையில் அரிசி நொறுங்கும். ஆம்பூர் பிரியாணிக்கு இன்றும் சீரக சம்பாதான். ஐ.ஆர். எட்டில் தம் போட்டதாக எந்த பாயும் சொல்லிக்கொள்வதில்லை :-)

சரி, கணக்குக்கு வரலாம்.

1973-74-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பி.எச். ஃபார்மர் தலைமையில், வட ஆற்காட்டின் கிழக்குப் பக்கக் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தன. ஒப்பிட்டுப் பார்க்க இலங்கையில் அம்பாந்தோட்டையையும் எடுத்துக்கொண்டார்கள். 1977-ல் வந்த புத்தகத்தின் தலைப்பில் 'பசுமைப் புரட்சி' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறி இருந்தது. அந்தக் கேள்விக்குறிதான் அவர்கள் முடிவு. புது ரகம் எதிர்பார்த்த வேகத்தில் பரவவில்லை, கிணறும் பம்புசெட்டும் கடன் வசதியும் உள்ளவர்களுக்கே ஆதாயம் அதிகம்.

பத்து வருஷம் கழித்து, 1982-84-ல், அதே கிராமங்களுக்கு இன்னொரு குழு போனது. இந்தத் தடவை வாஷிங்டனில் உள்ள சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும். பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் 1991-ல் வெளியிட்ட புத்தகம் முந்தைய முடிவைத் தலைகீழாக்கியது. சிறு விவசாயிகள் தாமதமாகத் தொடங்கினாலும் எட்டிப் பிடித்துவிட்டார்கள். விகிதத்தில் பார்த்தால் வருமானம் அதிகம் உயர்ந்தது சிறு விவசாயிகளுக்கும் நிலமில்லாத கூலிக்காரர்களுக்கும்தான் என்றது. இன்னொரு எண்ணும் தந்தது: விவசாயத்தில் கூடுதலாக உருவாகும் ஒவ்வொரு 1 ரூபாயும், அந்த வட்டாரத்தில் விவசாயம் அல்லாத தொழில்களில் மேலும் 87 பைசாவை உருவாக்குகிறது. நெல் விளைந்தால் உரக்கடை ஓடும், அரிசி ஆலை ஓடும், விவசாயி கையில் காசு புரண்டால் துணிக்கடையும் டீக்கடையும் ஓடும். அதன் கூட்டல்தான் இந்த 87 பைசா.

ஒரே மாவட்டம், ஒரே கிராமங்கள், ஒரே நெல். முடிவு மட்டும் எதிரெதிர். யாரோ பொய் சொன்னார்கள் என்று அர்த்தமா? இல்லை. கோடு போட்ட வருஷம் வேறு, அவ்வளவுதான். புது ரகத்தை முதலில் துணிந்து பயிரிடுபவர் இழந்தாலும் தாங்கக்கூடியவர். மற்றவர்கள் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். ஐந்தாம் வருஷம் கேட்டால் ஒரு பதில், பதினைந்தாம் வருஷம் கேட்டால் இன்னொரு பதில். அதிலும் இரண்டாவது கணக்கெடுப்பில் 1982-83 கடும் வறட்சி ஆண்டு. அந்த ஒரு வருஷத்தோடு நிறுத்தியிருந்தால், கூலிக்காரர்களின் நிலையைப் பார்த்து 'பசுமைப் புரட்சி தோற்றது' என்றே எழுதியிருக்கலாம்.

இந்தக் குழப்பம் வட ஆற்காட்டோடு முடியவில்லை. 1995-ல் டொனால்ட் ஃப்ரீபேர்ன் என்ற ஆய்வாளர், பசுமைப் புரட்சி பற்றி உலகம் முழுக்க வெளியான 300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். வருமானப் பங்கீட்டைப் பற்றி முடிவு சொன்ன ஆய்வுகளில் 80 சதவீதத்துக்கு மேல் 'ஏற்றத்தாழ்வு கூடியது' என்றன. ஹேசல் - ராமசாமி முடிவு அந்தக் கும்பலில் சிறுபான்மை.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. 'முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு' என்று கழித்துப் பார்ப்பது மதிப்பீடு ஆகாது. 'அந்த ஆராய்ச்சி நடக்காமலே இருந்திருந்தால் எவ்வளவு' என்று கண்டுபிடித்து அதைக் கழிக்க வேண்டும். நடக்காத ஒன்றை எப்படி அளப்பது?

இதைப் புரிந்துகொள்ள மாதனூரையே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கெடுப்புகள் நடந்தது ஆரணிப் பக்கம். ஒரு பேச்சுக்கு, அவை வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் இருக்கிற மாதனூர்ப் பக்கம் நடந்திருந்தால்? ஒரு வீட்டில் ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கணக்கெடுப்பில் எல்லாரும் வயலில். இரண்டாவது கணக்கெடுப்பில் மகள் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிறாள், மகன் தோல் ஷாப்பில் இருக்கிறான், வீட்டில் இரண்டு கறவை மாடு. வருமானம் இரண்டு மடங்கு. இதில் புது நெல்லின் பங்கு எவ்வளவு? முன்பு - பின்பு கணக்குப் போட்டால் ஷூ கம்பெனிச் சம்பளமும் நெல்லின் பெயரில் வரவாகிவிடும். அந்த 87 பைசாவுக்கும் இதே கேள்வி உண்டு. விவசாயம் அல்லாத தொழில் எல்லாம் விவசாயத்திலிருந்துதான் முளைக்கிறதா? ஆரணியில் பட்டுத்தறி, ஆம்பூரில் தோல். இவற்றுக்கு வெளியூர், வெளிநாட்டுச் சந்தை உண்டு. வட ஆற்காட்டில் பல வருஷம் ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ்-வைட் அழுத்திச் சொன்ன விஷயம் இதுதான்.

இதே தவறு எதிர்ப்பக்கமும் நடக்கும். தோல் ஷாப் கழிவுநீரால் கிணறு கெட்டு விளைச்சல் குறைந்தால், முன்பு - பின்பு கணக்கு அந்த நஷ்டத்தை நெல்லின் தலையில் கட்டும். தோல் தொழில் நடக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு 1996-ம் வருஷத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. அதற்கு எந்த நெல் ரகமும் பொறுப்பில்லை.

பலன் யாருக்குப் போனது என்ற கேள்விக்கும் நேரடி பதில் இல்லை. விளைச்சல் கூடினால் அரிசி விலை இறங்கும். அப்போது லாபத்தில் பெரிய பங்கு விற்பவரை விட்டு வாங்குபவரிடம் போகிறது. ராபர்ட் எவன்சனும் டக்ளஸ் கோலினும் 2003-ல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தப் புது ரகங்கள் எதுவும் வளரும் நாடுகளுக்கு வராமலே இருந்திருந்தால், 2000-ம் ஆண்டில் உலகப் பயிர் விலைகள் 35 முதல் 66 சதவீதம் வரை கூடுதலாக இருந்திருக்கும். ஆக, சொந்த நிலமே இல்லாமல் மாதச் சம்பளத்தில் அரிசி வாங்கும் ஷூ கம்பெனித் தொழிலாளியும் அந்த ஆராய்ச்சியின் பங்குதாரர். அவருக்கு மட்டும் அது தெரியாது. தண்ணீர் இல்லாமல் புது ரகம் போட முடியாத மானாவாரி விவசாயிக்கோ விளைச்சலும் கூடவில்லை, விலையும் இறங்கிவிட்டது. கூட்டல் கணக்கில் இருவரும் சேர்ந்து 'சமுதாய லாபம்' என்று ஒரே எண்ணாகிவிடுவார்கள்.

இனி வகுப்புத் தோழர்களுக்குப் பிடித்த பகுதி: சதவீதம். விவசாய ஆராய்ச்சியின் பலனை ஐ.ஆர்.ஆர். என்கிற ஈட்டு விகிதத்தில் சொல்வது வழக்கம். டெரன்ஸ் ஹர்லி, ஃபிலிப் பார்டி குழுவினர் 2014-ல் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தபோது நடு மதிப்பு ஆண்டுக்கு 39 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 100 ரூபாயை 39 சதவீதக் கூட்டு வட்டியில் 50 வருஷம் விட்டால் சுமார் 141 கோடி ரூபாய் ஆகும். அப்படி எந்த நாட்டிலும் நடக்கவில்லை! வருகிற ஒவ்வொரு ரூபாயும் மறுபடி அதே 39 சதவீதத்தில் முதலீடாகிறது என்று ஐ.ஆர்.ஆர். மறைமுகமாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். சாதாரண வட்டியில் மறுமுதலீடு என்று திருத்திக் கணக்கிட்டபோது அந்த 39, 9.8 ஆகச் சுருங்கியது. அதே 100 ரூபாய் இப்போது சுமார் 10,700 ரூபாய். நல்ல முதலீடுதான், சந்தேகமில்லை. ஆனால் மாயாஜாலம் இல்லை.

கணக்கு எழுதுபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாவது கணக்கெடுப்பை நடத்திய வாஷிங்டன் நிறுவனமும், நெல்லைத் தந்த பிலிப்பைன்ஸ் நிலையமும் ஒரே சர்வதேச ஆராய்ச்சிக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள். ஆடிட்டர் கம்பெனிக்குச் சொந்தக்காரர் என்றால் எந்த வங்கியும் யோசிக்கும். அதற்காக முடிவு பொய் என்று ஆகாது. அந்தப் புத்தகத்திலேயே ஜான் ஹாரிஸ், பார்பரா ஹாரிஸ் போன்ற விமர்சகர்களுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

யாருடைய லாபம் என்ற இன்னொரு வேடிக்கை. ஐ.ஆர். எட்டுக்குப் பின்னால் வந்து தமிழ்நாட்டில் பெரிய அளவில் பரவிய ஐ.ஆர். 20-ன் பெற்றோரில் ஒன்று டி.கே.எம். 6. டி.கே.எம். என்றால் திரூர்க்குப்பம், நம்ம ஊர் ஆராய்ச்சி நிலையம்! தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் அங்கிருந்து போனது. நம் வீட்டு விதை விமானம் ஏறிப்போய், வெளிநாட்டு எண்ணோடு திரும்பி வந்தது. இதன் லாபத்தில் திரூர்க்குப்பத்துக்கு எத்தனை சதவீதம்? சர்வதேச ஆராய்ச்சி என்று மொத்தமாக ஒரு பக்கம் வரவு வைத்தால், உள்ளூர் நிலையங்களின் பல வருஷ உழைப்பு கணக்கிலேயே வராமல் போகும். நாளைக்கு நிதி ஒதுக்கும்போது அடிபடுவது அந்த நிலையங்கள்தான்.

கடைசியாக, எல்லாரும் மறந்துவிடும் வரி: தேய்மானம்.

குட்டை நெல் தண்ணீரை நம்பிய பயிர். வட ஆற்காட்டில் தண்ணீர் என்றால் கிணறு. பம்புசெட் வந்தது, 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது, கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போயின. 1993-94-ல் பார்பரா ஹாரிஸ்-வைட், எஸ். ஜனகராஜன் குழுவினர் ஆரணிப் பக்கக் கிராமங்களை மூன்றாவது தடவையாகப் பார்த்தபோது, நிலத்தடி நீர் சரிவு விவசாயத்தின் கழுத்தைப் பிடித்திருந்தது. ஒரு மிஷின் தேய்ந்தால் லாபத்திலிருந்து கழிக்காமல் எந்தக் கணக்காளரும் விடமாட்டார். நிலத்தடி நீர் கீழே போவதும் தேய்மானம்தான். அதைக் கழிக்காமல் காட்டுகிற லாபத்தில் ஒரு பகுதி, மூலதனத்தை எடுத்துச் சாப்பிட்டது.

'இதை எல்லாம் ரூபாயில் அளக்க முடியுமா?' என்று கேட்பவர்களுக்கு இதே பாலாற்றங்கரையில் பதில் இருக்கிறது. 1996 தீர்ப்புக்குப் பிறகு அமைக்கப்பட்ட சூழல் இழப்பு ஆணையம், தோல் கழிவால் பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் நஷ்ட ஈடு என்று 2001-ல் கணக்கிட்டது. அந்தத் தொகை போதுமா என்பது வேறு விஷயம். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இந்த விவகாரத்தில் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. ஆனாலும் ஒன்று நிரூபணமானது. கெட்டுப்போன மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஒரு விலை போட முடியும். போட வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால்.

பசுமைப் புரட்சி வெற்றியா தோல்வியா என்று பட்டிமன்றம் நடத்துவது சுலபம். 1960-களின் அரிசிப் பஞ்சத்தைப் பார்த்தவர்கள் ஐ.ஆர். எட்டைக் குறை சொல்லமாட்டார்கள். 500 அடி போர் போட்டும் காற்று மட்டும் வருகிற விவசாயி அதைக் கும்பிடமாட்டார். இரண்டு பேரும் சொல்வது அவரவர் பேரேட்டில் சரி. அடுத்து ஏதாவது ஒரு சர்வதேசத் திட்டம், இத்தனை சதவீத லாபம் என்று பெருமையாக ஓர் அறிக்கையை நீட்டினால் நான்கே கேள்விகள் போதும். இது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? எந்த வருஷம் அளந்தீர்கள்? லாபம் யார் கைக்குப் போனது? தேய்மானத்தை எங்கே எழுதியிருக்கிறீர்கள்?

நான்காவது கேள்விக்குப் பதில் சொல்லாத அறிக்கையில் கையெழுத்துப் போடாத ஆடிட்டர்கள்தான் வட ஆற்காட்டுக் கிணறுகளுக்குத் தேவை.