முதலில் தொடுகிற கை

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண் பாதையின் முடிவில் அந்த லாயம் இருக்கிறது. குதிரை வாங்கிவிட்டு அதைக் கட்ட இடமில்லாத சென்னைக்காரர்கள் மாதம் ஒரு தொகை கட்டி இங்கே விட்டிருக்கிறார்கள். தீனி, தண்ணீர், தேய்ப்பு, நடை எல்லாம் லாயத்தின் பொறுப்பு. சொந்தக்காரர் சனி, ஞாயிறில் வந்து ஏறிவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் குதிரைக்குத் துணை சைஸ் எனப்படும் குதிரைக்காரர்கள்தான். அவர்களுடைய வேலையைப் பார்க்கத்தான் போனேன். போன நேரம், பின்னங்காலில் அடிபட்ட ஒரு பெண்குதிரைக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

காலைப் பிடித்திருந்தவர் இளவயதிலேயே கிண்டி ரேஸ் கோர்ஸில் வேலை பழகிய பெரியவர். எப்படி ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "ரெண்டும் ஒத்துப்போகாத குதிரைங்க சார். சாயங்காலம் ஒண்ணா மேய விட்டது நான்தான். ஒண்ணு வெரட்டுச்சு, இது வேலிக் கம்பியில காலக் குடுத்துடுச்சு." குளம்புக்கு மேலே உள்ள கணு மூட்டை ஒட்டித் தோல் கிழிந்து தொங்கியிருக்கிறது.

அடிபட்ட அடுத்த சில நிமிடங்களில் அவர் செய்ததும் செய்யாமல் விட்டதும்தான் அந்தக் காலைக் காப்பாற்றின என்பது என் எண்ணம். மருந்துப் பவுடர் தூவவில்லை, மஞ்சள் வைத்து அப்பவில்லை. டாக்டர் வந்து பார்க்கிறபோது காயம் காயமாகத் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திக் கட்டினார். தரையில் கிடந்த ரத்தத்தைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த பையன் மிரண்டபோது, "பயப்படாதே தம்பி, இவ ஒடம்புல குடம் குடமா இருக்கு" என்றாராம். 500 கிலோ எடையுள்ள குதிரைக்குச் சுமார் 40 லிட்டர் ரத்தம் உண்டு. பிறகு தாடைக்கு அடியில் விரலை வைத்து நாடி எண்ணினார். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்க வேண்டும். இதற்கு 60ஐத் தொட்டிருந்தது. கால் ஊன்றுகிறதா, காயம் மூட்டுக்கு எவ்வளவு பக்கம், ஜுரம் எவ்வளவு என்பதையும் பார்த்துக்கொண்டுதான் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டிருக்கிறார்.

மூட்டுக்கு எவ்வளவு பக்கம் என்ற கேள்வியில் எல்லாமே அடங்கியிருக்கிறது. குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது. எலும்பு, தசைநார், அதன் மேல் தோல், அவ்வளவுதான். வெளியே சின்னதாகத் தெரியும் கிழிசல் உள்ளே மூட்டுப் பை வரை போயிருக்கலாம். அந்தப் பைக்குள் கிருமி நுழைந்துவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். முதல் நாளிலேயே கழுவிச் சுத்தம் செய்தால் பிழைக்கிற கால், சில நாள் தாமதத்தில் நிரந்தரமாக நொண்டிப் போகலாம். மருத்துவர் அன்றிரவே வந்து, காயத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மூட்டுக்குள் ஊசி வழியாகச் சுத்தமான உப்பு நீரை ஏற்றிப் பார்த்திருக்கிறார். உள்ளே ஓட்டை இருந்தால் அந்த நீர் காயத்தின் வழியே வெளியே வந்துவிடும். வரவில்லை. தையல் போட்டு, டெட்டனஸ் ஊசியும் போட்டார். டெட்டனஸ் கிருமிக்குக் குதிரையைப் போல எளிதாக இரையாகும் பிராணிகள் குறைவு. லாயத்து மண்ணில் அந்தக் கிருமி எப்போதும் இருக்கிறது.

இது நடந்தது பெரியவர் உடனே வாயைத் திறந்ததால். ஆனால் வாயைத் திறப்பது எல்லா லாயத்திலும் எளிதில்லை. இதற்கு முன் தான் இருந்த ஓர் இடத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே குதிரைக்கு அடிபட்டால் அதைக் கவனித்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்தில் பிடிப்பார்கள். பிடிக்கத் தொடங்கியதும் அடிபடுவது நிற்கவில்லை, சொல்லுவதுதான் நின்றது. வீங்கிய காலுக்கு மேல் அழகாகக் கட்டுச் சுற்றி, ஒரு வலி மருந்தையும் கொடுத்து, சொந்தக்காரர் வருகிற ஞாயிற்றுக்கிழமையை ஓட்டிவிடுவார்களாம். வலி தெரியாத குதிரை அடிபட்ட காலை நன்றாக ஊன்றி நடக்கும். அந்த நடையே காலைக் கெடுக்கும். "பாவம் பண்ணிட்டோம் சார். பயத்துல பண்ணிட்டோம்" என்றார். அந்தப் பாவத்தில் பெரும் பங்கு சம்பளத்தில் கைவைத்தவர்களுக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் கடல் வழியாக ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறங்கியதையும், அவற்றில் பெரும்பாலானவை வெகு சீக்கிரம் மாண்டதையும் எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லையாம். அப்படிப்பட்டவர்கள் வராமல் வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள், செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும் என்பது அவர் சொல்லும் காரணம். தெரிந்தவனின் கையைக் குதிரையிடமிருந்து பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. தெரிந்தவனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அவன் வாயை அடைத்தாலும் விளைவு அதேதான்.

யார் பொறுப்பு என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. பிறர் பொருளை ஒப்புக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் காப்பது போலக் காக்க வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151ஆம் பிரிவில். 154ஆம் பிரிவு தரும் உதாரணத்திலேயே அடிபட்ட குதிரை வருகிறது. காசிக்குப் போக என்று கல்கத்தாவில் வாடகைக்கு எடுத்த குதிரையைக் கட்டாக்குக்கு ஓட்டிப் போகிறான் ஒருவன். கவனமாகத்தான் ஓட்டினான். ஆனாலும் அது தவறி விழுந்து அடிபட்டால் நஷ்டஈடு தர வேண்டியவன் அவனே. பேசிக்கொண்டதற்கு மாறாகப் பயன்படுத்தினானே, அதுதான் காரணம். விட்டுப்போன குதிரையில் லாயத்தார் வேறு யாரையாவது ஏற்றிக் கூலி பார்ப்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டமோ, சொந்தக்காரர் என்று மட்டும் பார்க்காமல், பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் யாருக்கும் அதன் நலனைக் காக்கும் கடமை உண்டு என்கிறது.

சட்டம் பின்னால் வருவது. இரவு எட்டு மணிக்குச் சொந்தக்காரர் விமானத்தில் இருந்தால் மருத்துவரை அழைப்பது யார், எவ்வளவு செலவு வரை கேட்காமலே செய்யலாம் என்பதெல்லாம் குதிரையை விடும் அன்றே எழுதப்பட வேண்டும். இந்தக் குதிரையின் சொந்தக்காரம்மா அப்படி எழுதிக் கொடுத்திருந்தார். மருத்துவர் வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்கே தகவல் எட்டியது. மறுநாள் வந்தவர் பெரியவரிடம் முதலில் கேட்டது, "நீங்க சாப்பிட்டீங்களா ஐயா?"

தைத்ததோடு வேலை முடிவதில்லை. நான் பார்க்கும்போது தையலின் கீழ்ப்பகுதி விட்டுப்போய், சிவந்த சதை தோலை மீறி எழும்பியிருந்தது. குதிரையின் கீழ்க்காலில் இது அடிக்கடி நேரும். அந்தச் சதையில் நரம்பு கிடையாது. மருத்துவர் வெட்டும்போது ரத்தம்தான் கொட்டியது, குதிரை காலை இழுக்கவில்லை. நல்ல காலுக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள். அடிபட்ட காலைத் தூக்கித் தூக்கி நிற்கும் குதிரைக்குப் பாரம் முழுவதும் எதிர்க்காலில் இறங்கி, அந்தக் குளம்புக்குள் அழற்சி வந்துவிடும். காயம் ஆறிக்கொண்டிருக்கும்போதே இதனால் செத்த குதிரைகள் உண்டு. அதனால் காலையும் மாலையும் பெரியவர் நல்ல குளம்பைத்தான் முதலில் தொட்டுச் சூடு பார்க்கிறார். கொள்ளும் ஓட்ஸும் நிறுத்தியாகிவிட்டது. வேலையில்லாமல் நிற்கும் குதிரைக்கு உலர்ந்த புல் போதும். அது தீனித் தொட்டியைக் காலால் தட்டிக் கேட்கிறது. அவர் கொடுப்பதில்லை.

வெளியே இரண்டு பேர் மேய்ச்சல் வெளியின் கம்பி வேலியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சவுக்குக் கட்டை வைக்கப்போகிறார்களாம். பெரியவர் காலுக்குக் கட்டுப் போட்டு முடித்துவிட்டு அங்கே போய், வெட்டிய துண்டு ஒவ்வொன்றையும் பக்கெட்டில் போடச் சொன்னார். மண்ணில் ஒன்று தங்கினாலும் அடுத்தது குளம்பில்தான் ஏறும். லாடக்காரரிடம் காந்தம் இருக்கிறது, அவர் வந்து தரை முழுவதும் இழுத்துப் பார்க்கும்வரை ஒரு குதிரையையும் உள்ளே விட மாட்டேன் என்று மேலாளரிடம் சொன்னார். மேலாளர் சரி என்றார்.