மாமனாரின் கார்

"ஒரே ஒரு தரம் அந்த வண்டியிலே ஏறிப் போயிட்டு வரணும், அம்மிணி." 2022 தீபாவளிக்கு மறுநாள் என் மாமனார் இப்படிச் சொன்னார். அவருக்கு அப்போது 83 வயது.

வண்டி என்றால் எம்.ஜி. டி.டி. என்கிற இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர்தான் உட்காரலாம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஆபிங்டன் என்ற ஊரில் சுமார் 30,000 வண்டிகள் செய்தார்களாம். பெரும்பாலும் அமெரிக்காவுக்கே கப்பலேறிவிட்டன. அந்தத் தொழிற்சாலையையும் 1980-ல் மூடிவிட்டார்கள். மாமனார் 1969-ல் ஓர் எஸ்டேட் துரையிடம் வாங்கியது, எங்கள் கோவை வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

இவர் இரண்டே மாதத்தில் இன்ஜினை ஓட வைத்துவிட்டார். பிரேக்கைப் பற்றிக் கேட்டால், "அமுக்கினா நிக்குது, போதாதா?" என்றார். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசலில் ஓட்டிப் பார்த்தபோது, பெடல் சொத்தென்று தரையோடு போய்விட்டது! கை பிரேக்கை இழுத்ததால், துணி துவைக்கிற கல்லுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. எனக்குக் கை கால் எல்லாம் உதறல்.

அந்தக் காலத்து வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் ஆயில் பாதைதானாம். எங்காவது ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போச்சு. முன் சக்கரத்துக்கு இரண்டிரண்டு, பின் சக்கரத்துக்கு ஒவ்வொன்று என ஆறு வீல் சிலிண்டர். எல்லாம் உள்ளே துருப்பிடித்து அம்மைத் தழும்பு போல் குழி விழுந்திருந்தன. "பிரேக் சரியாகாமல் இந்த வண்டியில் யாரும் ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

கோவை எக்ஸ்பிரஸ் ஏறி, சென்னை புதுப்பேட்டைக்கு நானும் போனேன். கடை கடையாக அலைந்து கிடைத்தது பழைய இங்கிலீஷ் அளவு ஸ்பேனர் இரண்டுதான். ஒரு கடைக்காரர் மட்டும், "இதே ரப்பர்தாம்மா, கண்ணை மூடிட்டுப் போடுங்க" என்று வேறு வண்டி ரப்பரைத் தலையில் கட்டினார். மாட்டிவிட்டு, ராத்திரி சக்கரத்துக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் தாள் நனைந்திருந்தது. மயிரிழை அளவு சின்னதாம்!

கடைசியில் ரப்பரை இங்கிலாந்திலிருந்தே வரவழைத்தோம். சுங்கவரியோடு சேர்த்து அந்த மாத மளிகைச் செலவைத் தாண்டிவிட்டது. ஐந்து வாரம் தபால்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிலிண்டர்களை எங்கள் ஊர் லேத் பட்டறைத் தம்பியே உள்ளே கடைந்து, பித்தளைக் குழாய் செருகித் தந்தார். "புதுசே தோத்துப் போகுமுங்கக்கா" என்றார். அவர் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம்.

இதற்கிடையே ஒரு நாள் இவர், டிரம்மிலிருந்த கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதப் போனார். நல்லவேளை, பார்த்துவிட்டேன். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும்; அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிட்டால் பல வருஷம் கழித்துக்கூட நோய் வரும். ஆஸ்பெஸ்டாஸ் வேலை பார்த்தவர்களின் உடுப்பைத் துவைத்த மனைவிமாருக்கும் வந்திருக்கிறது என்று படித்திருந்தேன். நம் வீட்டில் துவைப்பது யார்? ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியச் செய்தேன். ஷூக்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் ஒட்டி வாங்கினோம்.

இன்னொரு கூத்து, மீதி பிரேக் ஆயிலை இவர் நல்லெண்ணெய் பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் வைத்திருந்தார். அது விஷமாயிற்றே! அன்று வீட்டில் நடந்த சண்டையை எழுதப் பக்கம் போதாது.

குழாயிலிருந்து காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். பெடலில் நான், சக்கரத்தடியில் இவர். "அமுக்கு, பிடி, விடு" என்று ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று. குமிழி நின்றதும், கல் மாதிரி பெடல் காலை எதிர்த்தது.

2023 ஆடிப் பதினெட்டு அன்று மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய்விட்டு வந்தார்கள். இறங்கியதும், "நான் வாங்கினப்போகூட பிரேக் இப்படிப் பிடிக்கலியே" என்றார்.

இன்றும் காலையில் கோலம் போட்ட கையோடு ஷெட்டுக்குப் போய், சக்கரத்தடியில் விரித்த தாளை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்கு வருகிறேன்.