அப்பாவுக்கு 68, மகளுக்கு 118... மாத்திரை யாருக்கு?

மதுரையைச் சேர்ந்த அவருக்கு வயது 62. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து தினமும் இரவில் கொலஸ்ட்ராலுக்கு ஒரு அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரை.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல் 68. '100-க்குள் இருந்தால் நார்மல்' என்று லேப் ரிப்போர்ட்டிலேயே அச்சிட்டிருந்தது. கூட வாக்கிங் போகும் நண்பர் வேறு, "அந்த மாத்திரையைச் சாப்பிட்டா லிவர் போயிடும்" என்று சொல்லிவைத்தார். போதாதா? மாத்திரையை நிறுத்திவிட்டார். வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இரண்டு மாதம் போனது. ஏதோ ரசீது தேடிய மகள், அப்பாவின் பழைய கண்டக்டர் பையைத் திறந்தாள். உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள். அவளுக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால், சத்தம் போடவில்லை. "நானும் டெஸ்ட் எடுக்கணும்ப்பா, துணைக்கு வாங்க" என்று அழைத்துப்போனாள். முடிவு: அப்பாவுக்கு 139, மகளுக்கு 118.

டாக்டரம்மாவும் திட்டவில்லை. "கொடைக்கானல் ரூட்ல போயிருக்கீங்களா சார்? இறக்கத்துல வண்டி மெதுவாத்தானே போகுதுன்னு டிரைவர் பிரேக்ல இருந்து காலை எடுப்பாரா?" என்று மட்டும் கேட்டார். அவர் பதில் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

மாத்திரை மீண்டும் தொடங்கியது. ஆறு வாரத்தில் பழையபடி 68. அப்போதுதான் டாக்டர் எஸட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரையையும் எழுதினார். அவருக்குப் பொறுக்கவில்லை. "68 இருக்கிற எனக்கு ரெண்டு மாத்திரை, 118 இருக்கிற இவளுக்கு ஒண்ணுமே இல்லையா?"

டாக்டர் விளக்கினார். கொலஸ்ட்ரால் எண்ணை மட்டும் பார்த்து மாத்திரை கொடுப்பதில்லை. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், ஏற்கெனவே மாரடைப்பு வந்ததா என எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள். மகளுக்கு 34 வயது. இந்தத் தொந்தரவுகள் எதுவும் இல்லை. அவளுக்கு இப்போதைக்கு உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் போதும். அப்பாவின் கதை வேறு. ஸ்டென்ட் அடைத்த இடத்தைத்தான் திறந்தது. மற்ற இடங்களில் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல், மாரடைப்பு வந்தவர்களுக்கு எல்.டி.எல் 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது.

"பழைய மாத்திரையையே ரெண்டு மடங்காக்கக் கூடாதா?" என்றாள் மகள். ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் குறைவது சுமார் 6 சதவிகிதம்தான். அது கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிப்பதைக் குறைக்கிறது. எஸட்டிமைப் குடல் அதை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. இரு பக்கமும் பிடித்தால் பலன் அதிகம். அப்போதும் குறையாதவர்களுக்கு ஊசி மருந்துகள் இருக்கின்றன.

லிவர் பயம்? "கடுமையான பாதிப்பு ரொம்ப அரிது சார். ரத்தப் பரிசோதனையில அதையும் பார்த்துக்கலாம். தசை வலி வந்தா சொல்லுங்க. அளவையோ மருந்தையோ மாத்தித் தர்றேன். நீங்களா மட்டும் நிறுத்தாதீங்க." 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வையும் சொன்னார். 4,444 இதய நோயாளிகளை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்ததில், ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டவர்களிடம் இறப்பு 30 சதவிகிதம் குறைந்திருந்தது.

அடுத்த பரிசோதனையில் 54. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர் இந்த முறை எதையும் நிறுத்தவில்லை.

மாத்திரைகள் இப்போதும் அந்தக் கண்டக்டர் பையில்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் பையைத் திறந்து எண்ணிப் பார்ப்பாள். "செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறியாச்சு" என்று முனகிக்கொண்டே, அட்டையை எடுத்து நீட்டுகிறார் அப்பா.