வள்ளி பிறந்த வீடு

பேரப்பிள்ளைகளுக்கு வேடர் ஊரைக் காட்டிவிட வேண்டுமென்று எம் தந்தையார் மூன்று ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கண்டியிலிருந்து தம்பானவுக்குப் போய்வருவது ஒரு பகற்பொழுதுக் காரியந்தான். எனினும் பரீட்சை, விடைத்தாள் திருத்தம், கலியாணம், காய்ச்சல் என்று ஏதேனும் ஒன்று குறுக்கே வந்து நிற்கும். சென்ற பாடசாலை விடுமுறையில் ஒரு வானை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, விடியுமுன்னரே எழுவரும் புறப்பட்டுவிட்டோம். தந்தையாருக்கு 78 வயது. முன் ஆசனம் அவருக்கு. சன்னலோரம் யாருக்கு என்பதில் மாத்திரம் பிள்ளைகளிடையே சிறு யுத்தம் நிகழ்ந்தது.

தெல்தெனியவைக் கடந்தபோது பொழுது புலர்ந்தது. பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிற் கிடக்கிறது. இப்போதுள்ளது மேட்டிலே புதிதாகக் கட்டியது. அங்கிருந்து ஏறிச் சென்றால் ஹுன்னஸ்கிரியச் சந்தி. குளிர் காற்றும் சுடச்சுடத் தேநீரும் கிடைக்கும் இடம். இடப்புறம் பிரியும் பாதை லூல்வத்த வழியாக மீமுரேக்குச் செல்கிறது. 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற நக்கிள்ஸ் மலைத்தொடரைக் காண வருவோர் அந்தப் பக்கமே பார்த்து நிற்பர். தந்தையாரோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரேயிருந்த தேயிலைச் சரிவைப் பார்த்து நின்றார்.

"அதோ, அந்தச் சவுக்கு மரங்களுக்குக் கீழேதான் எங்கள் லயம் இருந்தது."

"எங்கே தாத்தா? ஒன்றையும் காணோமே" என்றாள் மூத்த பேத்தி.

உண்மையில் அங்கே ஒரு குட்டிச்சுவரும் சில வாழை மரங்களுமே எஞ்சியிருந்தன. தந்தையார் அங்கே 1947இல் பிறந்தார். அடுத்த ஆண்டே வந்த சட்டம் அவரைப் போன்ற இலட்சக்கணக்கானோரை எந்த நாட்டையும் சேராதவர்களாக்கிற்று. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னர் அவருடைய அக்காள் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறிப் போனது. அவர் இங்கேயே நின்றார். 1988இல் வந்த சட்டத்தின் பின்னரே, நாற்பது வயதைத் தாண்டியவராய், இந்நாட்டுக் குடிமகன் என்ற கடுதாசியைக் கையிற் பெற்றார். இவற்றையெல்லாம் அவர் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. "தேநீர் ஆறுகிறது, குடியுங்கள்" என்றார்.

உடதும்பரைக்கு அப்பால் பெயர்பெற்ற பதினெட்டு வளைவுகள் தொடங்குகின்றன. மலையிலிருந்து சமவெளிக்கு விழுந்துவிடுவது போல இறங்கும் அப்பாதையில் பிள்ளைகளுக்குத் தலைசுற்றாமலிருக்கத் தந்தையார் வள்ளி கதையை எடுத்தார். வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியிலே குழந்தையைக் கண்டெடுத்த வேடர் தலைவன், தினைப்புனத்துப் பரண், கிழவனாய் வந்து தேனும் தினைமாவும் கேட்ட முருகன், யானையாய் வந்து துரத்திய அண்ணன் பிள்ளையார் என்று வளைவுக்கு வளைவு கதை திரும்பிற்று. சின்னவன் கதையைக் கேட்டவாறே வளைவுகளையும் எண்ணி, பதினேழுதான் என்று சாதித்தான். வீதியை அகலமாக்கியபோது ஒன்று குறைந்துவிட்டதென்பது சாரதியின் விளக்கம்.

வேரகந்தொட்டவில் மகாவலியைக் கடந்து, மகியங்கனைத் தாதுகோபத்தைத் தூரத்திலிருந்தே வணங்கிவிட்டுத் தம்பானவை அடைந்தோம்.

தோளிலே கோடரியும் மார்பிலே நரைத்த தாடியுமாக முதியவர்கள் நின்றிருந்தனர். சிறு நூதனசாலையும் மணிமாலை, தேன் விற்கும் கடைகளும் உண்டு. மனிதரைப் பார்க்க வந்து நிற்பது எமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது. வில்லைப் பிடித்துப் படமெடுத்துக்கொள்ளும் கூட்டத்தைக் கண்டபோது அது இரட்டித்தது. ஆயினும் அதுவே அவர்களின் பிழைப்பிற்கு ஒரு வழியாகிவிட்டது என்பதையும் மறந்துவிடலாகாது.

வன்னியலெத்தோ, அதாவது காட்டில் வாழ்வோர், என்பது அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர். அவர்களது வேட்டைக் காடு 1983ஆம் ஆண்டில் மாதுறு ஓயாத் தேசியப் பூங்காவாயிற்று. ஏறத்தாழ 58,000 ஹெக்டேயர் நிலத்தில் வேட்டையும் தேனெடுப்பும் குற்றமாயின. பல குடும்பங்களை ஹெனானிகலவில் வயலும் வீடும் கொடுத்துக் குடியேற்றினர். தலைவர் திஸாஹாமியும் சில குடும்பத்தாரும் பெயர மறுத்து நின்றனர். அவர் 1998இல் மறைந்தார். அதற்கு முன்னரே, 1996இல், அவர் மைந்தர் ஜெனீவா சென்று ஐக்கிய நாடுகள் சபையின் குழுவின்முன் தம் மக்களின் குறையை எடுத்துரைத்தார். அமெரிக்காவிலே நவஹோ மக்கள் தம் நிலத்திலுள்ள மொனுமென்ட் பள்ளத்தாக்கை 1958இல் தாமே பூங்காவாக்கினர். வருவோரிடம் கட்டணம் பெறுவோரும் அவர்களே. இங்கோ பூங்கா வந்தது, ஆட்கள் வெளியேறினர். வாகரை, மூதூர்ப் பக்கத்தில் தமிழ் பேசி வாழும் கரையோர வேடரைப் பற்றி நம்மிற் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

மர நிழலில் இருந்த ஒரு முதியவர் எழுந்துவந்து தந்தையாரின் இரு முன்கைகளையும் பற்றி, "ஹொந்தமய்" என்று நலங்கேட்டார். "ஹூரா" என்றும் அழைத்தார். மைத்துனன் முறையைக் குறிக்கும் சொல் அது. பின்னர் சிங்களத்தில், "எந்த ஊர்?" என்றார்.

தந்தையார் சற்றுத் தயங்கினார். வழக்கமாக அவர் கண்டியென்று சொல்லிவிடுவார். அன்று, "ஹுன்னஸ்கிரிய. பிறந்தது தோட்டத்தில்" என்றார்.

"இப்போதும் அங்கேதானா?"

"இல்லை. லயம் இல்லை. சுவர் மட்டும் இருக்கிறது."

முதியவர் தலையசைத்தார். தாமும் பிறந்த இடத்தில் இல்லையென்றும், காட்டுக்குள்ளிருக்கும் அவ்விடத்திற்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதென்றும் சொன்னார். இருவரும் ஒரே மரவேரில் அமர்ந்துவிட்டனர். நாமும் பிள்ளைகளும் அங்கு நிற்பதை இருவருமே மறந்துபோயினர் என்றுதான் சொல்ல வேண்டும்.

பேத்திக்குப் பொறுக்கவில்லை. "தாத்தா, வள்ளி இவர்கள் வீட்டுப் பெண்தானா என்று கேளுங்களேன்!"

தந்தையார் சிரித்துக்கொண்டே சிங்களத்திற் கேட்டார். முதியவர் வெற்றிலைச் சாற்றை ஓரமாய் உமிழ்ந்துவிட்டு, குழந்தையை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கள் பெண்தான். பெண்ணைக் கொடுத்தோம், மருமகன் இன்னும் மாமன் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. கண்டால் சொல்லு."

பேத்தி அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கதிர்காமம் போகும்போது கட்டாயம் சொல்வதாக வாக்களித்தாள். ஒரு போத்தல் தேன் வாங்கினோம். விடைபெறுகையில் தந்தையார், இம்முறை தாமே முந்திக்கொண்டு, அவருடைய முன்கைகளைப் பற்றினார்.

திரும்பும் வழியில் எவரும் அதிகம் பேசவில்லை. மலையேறும்போது சின்னவன் பதினொரு வளைவுகள் வரை எண்ணிவிட்டு உறங்கிப்போனான். ஹுன்னஸ்கிரியவை அடைந்தபோது இருட்டிவிட்டது. மூடுபனியில் சரிவு தெரியவில்லை. தந்தையார் வானை நிறுத்தச் சொல்லி, பேத்தியை மாத்திரம் கைப்பிடித்து இறக்கி, சவுக்கு மரங்கள் இருந்த திசையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நாம் கதவைத் திறக்காமல் உள்ளேயே இருந்தோம்.