ராத்தாவின் கையெழுத்து

ராத்தாவுக்குக் கலியாணம் பேசி முடித்த அன்று எங்கள் வீட்டில் மூன்று விடயங்கள் கணக்காகக் கதைக்கப்பட்டன. வளவு எத்தனை பேர்ச், வீட்டு வேலை எப்போது முடியும், விருந்துக்கு எத்தனை பேர். ராத்தா கல்வியியற் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவளது படிப்பைப் பற்றி மாப்பிள்ளை வீட்டார் சொன்னது ஒரே வசனம்: “அதெல்லாம் பிறகு பாப்பம்.”

சாச்சியின் கலியாணத்திலும் இதைத்தான் சொன்னார்களாம். சாச்சி பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர். அந்தப் ‘பிறகு’ அவருக்கு வரவேயில்லை. இன்று எனக்குப் பொருளியல் கணக்குகளை விளங்கப்படுத்துவது அவர்தான்.

அன்றிரவு ராத்தா சொன்னாள்: “வாப்பா, நிக்காஹ்வுக்கு முந்தி ஒரு ஒப்பந்தம் எழுதணும்.”

வாப்பாவின் முகம் மாறிவிட்டது. “நம்பிக்கை இல்லாத இடத்துல கலியாணம் என்னத்துக்கு மகள்? ஊர் சிரிக்கும்.”

குசினியிலிருந்து உம்மா கேட்டார்: “வளவு உறுதிய நொத்தாரிசிட்ட மகள்ட பேருல எழுதக்குள்ள, மருமகன்ல நம்பிக்கை இல்லாமயா எழுதினீங்க?”

வாப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின் மௌலவியிடம் போனார். திரும்பி வந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது. நிக்காஹ்வே ஓர் ஒப்பந்தம்தான். குர்ஆன் அதை உறுதியான உடன்படிக்கை என்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. மார்க்கம் தடுக்காத நிபந்தனையை இரு தரப்பும் ஏற்றால் நிறைவேற்ற வேண்டும் என்று மௌலவி விளக்கியிருந்தார். பாகிஸ்தானின் நிக்காஹ்நாமாவில், விவாகரத்து உரிமை மனைவிக்கு ஒப்படைக்கப்பட்டதா என்று கேட்கும் நிரலே இருப்பதை நான் பின்னர் வாசித்து அறிந்தேன்.

ராத்தா ஒரு தாளில் எழுதினாள். மஹர் எவ்வளவு, எப்போது கொடுக்கப்படும். கைக்கூலி வாங்குவதில்லை. படிப்பை முடிக்க வேண்டும். முதல் நியமனம் தூர ஊரில் கிடைத்தாலும் போகத் தடையில்லை. சம்பளம் அவளுடையது; வீட்டுச் செலவுக்குக் கொடுப்பது அவள் விருப்பம்.

தாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் எந்தச் சத்தமும் இல்லை. கலியாணம் நின்றுவிடுமோ என்று உம்மா தஸ்பீஹ் மணியோடு இருந்தார். ராத்தா சாப்பிடவே இல்லை. ‘நான் பிழையாக் கேட்டுட்டனோ’ என்று என்னிடம் மட்டும் கேட்டாள்.

மூன்றாம் நாள் தாள் திரும்பி வந்தது. எதுவும் வெட்டப்படவில்லை. அடியில் மச்சான் ஒரு வரி சேர்த்திருந்தார்: என் உம்மாவுக்கு முடியாமல் போனால் எங்களுடன் வந்து இருக்க வேண்டும்.

அதை வாசித்து நாங்கள் எல்லோரும் அமைதியானோம். எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவருடைய உம்மா தனித்துப் போவதை யாரும் யோசிப்பதில்லை. அவர் கேட்க வெட்கப்பட்டதைத் தாள் கேட்க வைத்திருக்கிறது. ஒப்பந்தம் பெண்ணுக்கு மட்டும் பாதுகாப்பு என்று நினைத்திருந்த எனக்கு அது புதுப் பாடம். ராத்தா உடனே சம்மதித்தாள்.

நிக்காஹ் அன்று பதிவுப் புத்தகத்தில் மச்சானும், வலியாக வாப்பாவும், சாட்சிகளும் கையெழுத்திட்டார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையெழுத்தைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. ராத்தா உள்ளறையில் இருந்தாள். அவள் வாழ்க்கை எழுதப்பட்ட புத்தகத்தை அவள் காணவில்லை.

ஆனால் எங்கள் வீட்டு அலுமாரியில், வளவு உறுதியோடு ஒரே உறையில் அந்தத் தாள் இருக்கிறது. அதில் இரண்டு கையெழுத்துகள். ஒன்று மச்சானுடையது. மற்றது என் ராத்தாவுடையது.

இப்போது ராத்தா கடைசி வருடப் பயிற்சியில் இருக்கிறாள். போன மாதம் சாச்சி அந்தத் தாளை வாங்கி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “உன்ட முறைக்கும் எழுது மகள்.”

எழுதுவேன், இன்ஷா அல்லாஹ்.