துப்பாக்கியை நெஞ்சுப் பையில மாட்டலாமா? தோட்டத்துச் சாளைக்காரங்களுக்கு ஒரு டாக்டர் எழுதும் நீள இழை

1/ துப்பாக்கி லைசென்ஸ் விண்ணப்பத்தோட மருத்துவச் சான்றிதழும் வைக்கணும். உடம்பும் மனசும் சரியா இருக்கு, போதைப் பழக்கம் இல்லைன்னு டாக்டர் எழுதிக் கொடுக்கணும். அதனாலதான் இந்த விஷயம் மூலனூர்ல என் மேஜைக்கும் வருது. கூடவே ஒரு கேள்வி: "ஏனுங்க டாக்டர், நெஞ்சுல மாட்டற பை நல்லதுங்களா, இடுப்புல கட்டறதுங்களா?"

2/ கேக்கறவங்க யாரும் வெட்டி வீராப்புக்குக் கேக்கல. 2024 நவம்பர் கடைசியில பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்துல தோட்டத்து வீட்டுல மூணு பேரைக் கொன்னாங்க. 2025ல சிவகிரி பக்கம் தனியா இருந்த வயசான தம்பதி. செத்து சில நாள் கழிச்சுத்தான் வெளியே தெரிஞ்சுது. பக்கத்துச் சாளை கூப்பிடு தூரத்துல இல்லாத காட்டுல இருக்கறவங்களுக்கு அந்தப் பயம் நியாயமானது.

3/ நெஞ்சுப் பை எங்கிருந்து வந்துச்சு? யூடியூப்ல பாத்திருப்பீங்க. அலாஸ்கா மாதிரி கரடி நடமாடற காட்டுக்குள்ள போறவங்க மாட்டறது. முதுகுல பெரிய மூட்டை, அதோட பட்டை இடுப்பை இறுக்கிக் கட்டியிருக்கும். இடுப்புல துப்பாக்கிக்கு இடமில்லை, அதனால நெஞ்சுக்கு வந்துச்சு. நம்மளுக்கு மூட்டை இல்ல. ஆனா வேட்டி கட்டறவருக்கு இடுப்பு உறை நிக்காது, மொபெட்ல உக்காந்தா குத்தும். அந்த அளவுக்கு நெஞ்சுப் பையில அர்த்தம் இருக்கு.

4/ சட்டம் என்ன சொல்லுது? 2016 ஆயுத விதிகள்படி பொது இடத்துல கைத்துப்பாக்கி அதுக்கான உறையிலயோ பையிலயோ முழுசா மூடி இருக்கணும். எடுத்துட்டுப் போறவரோட கட்டுப்பாட்டுலயே இருக்கணும். வெளியே தெரியற மாதிரி மாட்டிக்கிட்டு பருத்தி ஏலத்துக்குப் போகக் கூடாது. ஆட்டுப்பட்டியில நாய் புகுந்தாலும் அதைச் சுட இந்த லைசென்ஸ் இல்ல.

5/ பை பாக்கறப்ப முதல்ல பாக்க வேண்டியது ட்ரிகர். விலையும் கலரும் அப்புறம். பைக்குள்ள கெட்டியான உறை தனியா இருக்கணும், அது ட்ரிகரை முழுசா மூடணும். அந்த அறையில வேற எதுவும் போடக் கூடாது. சாவி, பேனா, முருங்கை அறுக்கற கத்தி எதுவும். சாவிக்கொத்து ஒண்ணு ட்ரிகர் வளையத்துக்குள்ள மாட்டுனா போதும். துணிப்பையில சும்மா போட்டு ஜிப் மூடறது பாதுகாப்பே இல்ல.

6/ ரெண்டாவது, குழல் எங்க பாக்குது? வலது கையால எடுக்கற மாதிரி படுக்கையா வச்சா, குழல் இடது பக்கம் பாக்கும். அங்க உங்க இடது கை இருக்கு. மேல்கையோட உள்பக்கம் ஓடற பெரிய ரத்தக்குழாய் அறுந்தா, தாராபுரம் போய்ச் சேர்றதுக்குள்ளயே உயிர் போகலாம். பஸ்ல இடது பக்கம் உக்காந்திருக்கறவரையும் நினைச்சுப் பாருங்க. வயல்ல குனிஞ்சா அதே குழல் வேற எங்கயோ பாக்கும். கடையில நின்னு மட்டும் போட்டுப் பாக்காதீங்க. குனிஞ்சு, உக்காந்து, வண்டியில ஏறி, காலிப் பையோட பாருங்க.

7/ மூணாவது, உங்க உடம்பு. 2014ல கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்காகன்னு இறக்குன நிர்பீக் ரிவால்வரே சுமார் அரைக் கிலோ. வண்டி சறுக்கிக் குப்புற விழுந்தா அந்த இரும்பு மேலதான் மார்பெலும்பு மோதும். 65 வயசு எலும்பு அதைத் தாங்காது. பேஸ்மேக்கர் வச்சவங்களுக்கு அது பெரும்பாலும் இடது காறையெலும்புக்குக் கீழ இருக்கும். பட்டை சரியா அங்கதான் உரசும். அவங்களும் பைபாஸ் ஆனவங்களும் இந்தப் பையை விட்டுடுங்க.

8/ நாலாவதுதான் பெருசு. பை உடம்புல இருக்கற வரைக்கும் துப்பாக்கி உங்களுது. வேர்வையா இருக்குன்னு கழட்டித் திண்ணையில வச்சுட்டா, அது யார் எடுக்கறாங்களோ அவங்களுது. பேரன் பைன்னா மிட்டாய் இருக்கும்னு நினைச்சுத்தான் திறப்பான். கழட்டுனா நேரா பூட்டற இரும்புப் பெட்டிக்குப் போகணும். தோட்டா வேற இடத்துல.

9/ இப்போ யோசிங்க. பல்லடம், சிவகிரி ரெண்டுலயும் வந்தவங்க ராத்திரியில வந்தாங்க. அந்த நேரத்துல நீங்க கட்டில்ல, பை ஆணியில, இல்ல பெட்டியில. கண்புரை, கை நடுக்கம், தூக்க மாத்திரை, சர்க்கரை குறைஞ்ச மயக்கம் இதெல்லாம் சேந்த ஒருத்தர் இருட்டுல எழுந்து குறி பாக்கணும். வந்தது திருடனா, வெளிய போய்ட்டுத் திரும்பற சம்சாரமான்னு ஒரு நொடியில தெரியணும்.

10/ இன்னொண்ணு, பேசக் கூச்சப்படற விஷயம். கடன், வலி, வீட்டுச் சண்டைன்னு ஒரு கெட்ட மணி நேரம் எல்லாருக்கும் வரும். அந்த நேரத்துல கைக்கு எது எட்டுதுங்கறதுதான் உயிரைத் தீர்மானிக்குது. இலங்கையில கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொண்ணா தடை பண்ணுனப்புறம் தற்கொலை பாதிக்கு மேல குறைஞ்சுது. மருந்து குடிச்சவரை எங்களால சிலசமயம் காப்பாத்த முடியும். தலையில குண்டு பாய்ஞ்சவரைப் பெரும்பாலும் முடியாது. மனசு சரியில்லைன்னா 14416க்கு எப்ப வேணா கூப்பிடலாம், காசு இல்ல.

11/ அப்ப என்னதான் பண்றது? வாசல்லயும் பட்டியிலயும் விளக்கு. உள்பக்கம் கெட்டியான தாழ்ப்பாள். கட்டில் பக்கத்துலயே சார்ஜ் ஏத்துன போன், 112 ஒரே அமுக்குல. எல்லாத்துக்கும் மேல, தினமும் காலையில ஒரே நேரத்துக்குப் பையனோ பொண்ணோ ஒரு போன். எடுக்கலைன்னா உடனே பக்கத்துத் தோட்டத்துக்காரர் போய்ப் பாக்கணும்னு பேசி வச்சுக்கங்க. சிவகிரியில நடந்ததுல என்னை ரொம்ப உறுத்துனது அந்த சில நாள்தான்.

12/ இதுக்கப்புறமும் லைசென்ஸ் வேணும்னா அது உங்க உரிமை, கலெக்டர் முடிவு பண்ணட்டும். சான்றிதழுக்கு என்கிட்ட வாங்க. ஆனா தனியா வராதீங்க, வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. கண்ணையும் கையையும் நான் பாத்துக்குவேன். ராத்திரி நீங்க தூங்கறீங்களா, எவ்வளவு குடிக்கறீங்க, கோபம் வந்தா என்ன பண்ணுவீங்கன்னு அவங்கதான் சொல்லணும். அதைக் கேக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.