ளகரத்தில் தங்கிய ஒலி

தமிழில் 'கல்பு' என்று எழுதிவிட்டால் அது அரபியில் இதயமா நாயா என்பது தெரியாது. இதயத்துக்குரிய ககரம் உள்நாக்கை ஒட்டிக் கனத்துப் பிறப்பது. நாய்க்குரியது நம் ககரம் போலச் சற்று முன்னே மெலிந்து பிறப்பது. அத்திப்பழம், களிமண், மார்க்கம் ஆகிய மூன்றுக்கும் நம் எழுத்தில் 'தீன்' ஒன்றுதான்.

குர்ஆன் ஓதுமுறையைக் கற்பிக்கும் தஜ்வீத் கலையில் கனத்த ஒலிப்பைத் தஃப்கீம் என்றும் மெலிந்த ஒலிப்பைத் தர்கீக் என்றும் வழங்குவர். அடிநா மேலண்ணம் நோக்கி எழுந்தால் எழுத்து கனக்கும். எப்போதும் கனப்பவை 7 எழுத்துகள். ரகரமும் இறைவன் பெயரிலுள்ள லகரமும் இடம் நோக்கி மாறுபவை. 'அப்துல்லாஹ்' என்பதில் முன்னே உகரம் நிற்பதால் லகரம் கனக்கிறது. 'பிஸ்மில்லாஹ்' என்பதில் இகரம் நிற்பதால் மெலிகிறது. தமிழாசிரியர்க்கு இது பெருவியப்பன்று. கல், பகல், தங்கம் மூன்றிலும் ககரம் மூவகையாய் ஒலிப்பதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்! (நம் வல்லினம், மெல்லினம் இக்கணக்கில் சேரா.)

நம்மை நெடுநாளாய்ப் பிடித்து வைத்திருப்பது அவ்வேழில் ஒன்றான 'ளாத்'. அரபிக்கே 'ளாதின் மொழி' என்றொரு பெயருண்டு. இன்று அரபு நாட்டு ஓதுவார் பலர் அதனைக் கனத்த தகரம் போல ஒலிக்கின்றனர். உருது நாவில் அது ஜகரத்தை ஒத்துவிட்டது. ரம்ஜான் அவ்வழி வந்த சொல். தமிழ் முஸ்லிம்களோ ரமளான், பர்ளு, களா, ஒளு என்பர். இலங்கையில் ரமழான் என்றெழுதுவர்.

இந்த ளகரம் எங்கிருந்து வந்தது? எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த இலக்கணி சீபவைஹி, நாவின் பக்க விளிம்பு கடைவாய்ப் பற்களை அடுத்து நிற்க இவ்வெழுத்துப் பிறக்கும் என்கிறார். நம் தொல்காப்பியப் பிறப்பியலும் லகர ளகரங்களுக்கு நாவிளிம்பையே சொல்கிறது. ஆக, பழைய அரபு ளாதில் லகரச் சாயல் இருந்திருக்க வேண்டும். நீதி வழங்கும் 'காளி' என்ற அரபுச் சொல் ஸ்பானிய மொழியில் ஊர்த்தலைவரைக் குறிக்கும் 'அல்கால்தே' ஆனபோது நடுவே ஒரு லகரம் ஒட்டிக்கொண்டதும் இதனால்தான் என்பர். கடல்வழி வந்த அரபு வணிகர் வாயில் கேட்டதை நம்மவர் தமக்கு நன்கு தெரிந்த எழுத்தில் பிடித்து வைத்தனர் என்று கருத இடமுண்டு. திரிபு என்று இதனைத் தள்ளிவிட நமக்கு மனமில்லை.

மேட்டூரில் எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருக்கிறார். வெளியூரில் ஓதிப் பயின்று வந்த பேரன் ஒருநாள் அவரைத் திருத்தினான். "அது ளா இல்ல நன்னி, அழுத்திச் சொல்லணும்." அவர் சொன்னார்: "எங்க அத்தா இப்படித்தான்யா சொல்லிக் குடுத்தாரு." ஓதுதலுக்கு ஆசான் வாய்வழிப் பாடமே அளவுகோல், அவ்வகையில் பேரன் சொன்னதிலும் நியாயமுண்டு. ஆனால் முன்பெல்லாம் வைகறையில் சுவர் தாண்டிக் கேட்கும் அவர் ஓதல் இப்போது கேட்பதில்லை. உதடு மட்டும் அசைய ஓதுகிறாராம். சீபவைஹியைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். விடுமுறைக்கு வரட்டும் என்று காத்திருக்கிறோம்.